தங்கச்சி, தண்ணி பாட்டில் ஏன் ரொம்பியே திரும்பி வருது?

நேத்து சாயங்காலம் கம்பெனி வேன்ல இருந்து இறங்கி, பையை மூலையில போட்டுட்டு நீ முகம் கழுவப் போனே. தூக்குவாளியைக் கழுவிடலாம்னு நான்தான் பையைத் திறந்தேன். சோறு காலி. தண்ணி பாட்டில் மட்டும் காலையில நான் ரொப்பிக் கொடுத்தபடி கழுத்து வரைக்கும் இருந்துச்சு. சித்திரை வெயில், காத்தாடி போட முடியாத பட்டாசு மருந்து ரூம், எட்டு மணி நேர வேலை. ஒரு மடக்குகூடக் குறையலை.

கேட்டதுக்கு ரெண்டு காரணம் சொன்னே. மருந்துக்குப் பக்கத்துல தண்ணி வைக்கக் கூடாது, பாட்டில் மூடி வேற ஒழுகுதுங்கிறது ஒண்ணு. இன்னொண்ணை முழுசாச் சொல்லலை. "குடிச்சா போகணும்லக்கா"ன்னு இழுத்தே. அந்த இழுவைக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

பத்தொன்பது வயசுல நானும் இதே கணக்குப் போட்டவதான். தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குற வேலை. கட்டைக்கு இவ்வளவுன்னு கூலி, எந்திரிச்சுப் போனா கட்டை குறையும். கக்கூஸுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவல் நிக்கணும். ரெண்டு பேர் கூலி போகும். அதனால காலையில காபித் தண்ணியோட நிறுத்திக்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து போயிக்கலாம்னு உடம்பைப் பழக்கினேன். நாலு மாசத்துல எரிச்சல் வந்துச்சு. உடம்புச் சூடுன்னு அம்மா நல்லெண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. அப்புறம் ஒரு ராத்திரி பல்லு கிட்டிக்கிற குளிர் காய்ச்சல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழ முதுகுல குத்துற வலி. மலேரியான்னுதான் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டரம்மா அந்த இடத்துல லேசாத் தட்டினாங்க, நான் துள்ளி விழுந்தேன். "வேலைக்குப் போற நாள்ல பகல்ல எத்தனை தடவை யூரின் போவே?"ன்னு கேட்டாங்க. ஒரு விரலைக் காட்டினேன். மூத்திரப் பையில இருந்த கிருமி மேல ஏறி கிட்னிக்குப் போயிருச்சு. ஒரு வாரம் ஊசி, அதுக்கப்புறம் பத்து நாள் மாத்திரை.

இப்ப லேப்ல உட்கார்ந்து தினமும் ஊரு உலகத்து யூரின் பாட்டிலை எல்லாம் பார்க்கிறேன். என்னை மாதிரி ஒத்தை விரல் காட்டுற பிள்ளைங்க இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்காங்க.

கழிவுன்னா என்ன, எங்க இருந்து வருது?

உனக்குத் தெரிஞ்ச பாஷையிலயே சொல்றேன். மருந்து செலுத்தும்போது சிந்துன மிச்சத்தை அன்னன்னைக்கே கூட்டி அள்ளி வெளிய கொண்டுபோய் அழிக்கணும். ராத்திரி ரூம்லயே விட்டா ஈரம் பட்டு, உள்ளுக்குள்ள சூடேறி, மறுநாள் கதவைத் திறக்கிற ஆளுக்கு எமனா வந்து நிக்கும். உடம்பும் அப்படி ஒரு மருந்து ரூம்தான். வேலை நடந்துக்கிட்டே இருக்கும், கழிவும் விழுந்துக்கிட்டே இருக்கும்.

பருப்பு, முட்டை, கறின்னு நீ சாப்பிடுற புரதத்தை உடம்பு உடைக்கும்போது அமோனியான்னு ஒரு விஷம் வருது. ஈரல் அதைப் பிடிச்சு யூரியாவா மாத்தி ரத்தத்துல விடுது. வயல்ல தெளிக்கிற அதே யூரியாதான். தசை வேலை செய்யச் செய்ய கிரியாட்டினின்னு ஒண்ணு வரும். மூச்சுல கார்பன் டை ஆக்சைடு போகும். 120 நாள் வாழ்ந்து முடிச்ச சிவப்பணு உடையும்போது மஞ்சளா பிலிருபின் வரும். அதை ஈரல் பித்தத்தோட கலந்து குடலுக்கு அனுப்பிரும், மலத்துக்கு அந்தப் பழுப்பு நிறம் அதுலதான் வருது. பித்தம் போற வழி அடைச்சா மலம் வெளுத்து, யூரின் கட்டங்காபி மாதிரி வரும், கண்ணு மஞ்சளாகும். அப்ப கீழாநெல்லி அரைக்க ஓடுறதுக்கு முந்தி ரத்தத்தைப் பரிசோதிச்சிரு.

இதுல ஒரு சின்னக் குழப்பம் எல்லாருக்கும் உண்டு. மலத்துல செரிக்காத சக்கை இருக்கு. அது ரத்தத்துக்குள்ள நுழையவே இல்லை, முன்வாசல்ல வந்து கொல்லைப்புறமாப் போயிருது. ரத்தத்துல கலந்த கழிவை வடிகட்டுறது வேற வேலை. அதுதான் கிட்னியோட வேலை.

"அதான் நல்லா வேர்க்குதே, கழிவெல்லாம் அதுல போயிராதா"ன்னு கேப்பே. போகாது. வேர்வைல பெரும்பாலும் தண்ணி, கொஞ்சம் உப்பு, துளியூண்டு யூரியா. வேர்க்கிறது உடம்பைக் குளிர வைக்கத்தான். நீ வேர்க்க வேர்க்க கிட்னிக்குக் கிடைக்கிற தண்ணிதான் குறையும்.

நூறு பத்தாயிரம் வாலா

கிட்னி ஒவ்வொண்ணும் உன் கைமுட்டி அளவு, எடை ஏறக்குறைய 150 கிராம். விலா எலும்பு முடியுற இடத்துல, முதுகுப் பக்கமா ஒட்டி இருக்கும். ஒரு கிட்னிக்குள்ள சுமார் 10 லட்சம் வடிகட்டி. பத்தாயிரம் வாலா சரம் நூறு சேர்த்தா எத்தனை வெடியோ அத்தனை. அதுக்கு நெஃப்ரான்னு பேரு. ஒவ்வொண்ணோட தலையிலயும் மயிரிழை ரத்தக்குழாய் நூல் சிக்கு மாதிரி சுருண்டு கிடக்கும், அதைச் சுத்தி ஒரு கிண்ணம். ரத்தம் அழுத்தத்தோட வரும்போது தண்ணி, உப்பு, சர்க்கரை, யூரியான்னு சின்னதெல்லாம் கிண்ணத்துல இறங்கிரும். ரத்த அணுவும் பெரிய புரதமும் சல்லடையில தங்கிரும்.

இப்படி ஒரு நாளைக்கு இறங்குற தண்ணி சுமார் 180 லிட்டர். நாம வாங்குற 20 லிட்டர் கேன்ல 9 கேன்! ஆனா யூரினா வெளிய வர்றது ஒன்றரை லிட்டர்தான். மிச்சமெல்லாம் கிண்ணத்துக்குக் கீழ இருக்கிற நீளக் குழாய்ல திரும்ப ரத்தத்துக்கே போயிருது. பொங்கலுக்கு பீரோவைச் சுத்தம் பண்றப்ப எல்லாத்தையும் தரையில அள்ளிப் போட்டுட்டு வேணுங்கிறதை மட்டும் திரும்ப அடுக்குவோமே, அதே முறை. வேண்டாததைத் தேடிப் பொறுக்குறதைவிட இது பத்திரம். உடம்பு முன்னப்பின்ன பார்க்காத, தண்ணியில கரையுற ஒரு விஷம் வந்தாலும், அதை யாரும் திரும்ப எடுத்து அடுக்க மாட்டாங்க பாரு, பெரும்பாலும் தானா வெளிய போயிரும்.

நீ தண்ணியே குடிக்கலைன்னா? மூளையில இருந்து ஒரு ஹார்மோன் வந்து, "இருக்கிறதை மிச்சம் பிடி"ன்னு கிட்னிக்குச் சொல்லும். கிட்னி முடிஞ்ச மட்டும் தண்ணியை இழுத்துக்கிட்டு, கழிவைக் கொஞ்சூண்டு தண்ணியில கரைச்சு அனுப்பும். அதனாலதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து போறப்ப அந்த நிறமும் அந்த வாடையும். அந்த அடர்த்தியில உப்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படிகமாகும், கல்லுக்கு அதுதான் அஸ்திவாரம்.

கிட்னியில இருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான குழாய் வழியாச் சொட்டுச் சொட்டா மூத்திரப் பைக்கு வரும். கால் லிட்டர் வாக்குல சேர்ந்ததும் முதல் சமிக்ஞை வரும், அரை லிட்டர் கிட்டப் போனா தாங்காது. ஆம்பளைங்களுக்கு வெளிய போற பாதை சுமார் 20 சென்டிமீட்டர், நமக்கு 4தான். கிருமி நாலே எட்டுல உள்ள வந்திரும். அதை அடிச்சு வெளிய தள்ளுறது அப்பப்ப நாம போற ஒண்ணுக்குத்தான். நீ அடக்கி வெச்சா கிருமிக்குக் குளம் வெட்டிக் கொடுத்த மாதிரி.

சரி, என்ன செய்யணும்

முதல்ல மூடி விஷயம். நீ சொன்னது சரிதான். அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல தண்ணி பட்டா அது அணையாது, சூடேறும். அதனால பாட்டிலை ரூமுக்குள்ள கொண்டு போகவே போகாதே. வெளிய மரத்தடியில, ரூம்ல சேர்ந்து வேலை பார்க்கிற உங்க நாலு பேரோட பாட்டிலும் ஒரே இடத்துல இருக்கட்டும். ஒருத்தி எந்திரிச்சா மத்தவளுக்கும் ஞாபகம் வரும். மணல் வாளிக்குப் பக்கத்துல இருக்கிற தீயணைப்புத் தொட்டித் தண்ணியை அவசரத்துக்குக்கூடக் குடிக்காதே.

ஒரே மூச்சா ஒரு லிட்டரைக் கவுத்தா அரை மணியில ஓடணும், அதைப் பார்த்துத்தான் நீ பயப்படுறே. மடக்கு மடக்கா, ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் குடி. உன் பாட்டில்ல நெயில் பாலிஷால கோடு போட்டு மணி எழுதிட்டேன், பார்த்திருப்பே: 9, 10, 11, 12. சாப்பாட்டு நேரத்துல திரும்ப ரொப்பிக்கோ. வெயில்ல வேலை பார்க்கிறவளுக்கு நாளைக்கு மூணு லிட்டர் அதிகமில்லை. காலையில நீச்சத்தண்ணி, மதியம் மோர், கிடைக்கிற நாள்ல பதநீர், நுங்கு எல்லாம் கணக்குல சேரும். சாத்தூர் வெள்ளரிக்காய் நூத்துக்கு 95 பங்கு தண்ணிதான். பாட்டில் கலரும் பாக்கெட் எனர்ஜி பானமும் சேராது, அது சர்க்கரை. இதயக் கோளாறோ கிட்னிக் கோளாறோ இருந்து டாக்டர் தண்ணியை அளந்து கொடுத்திருந்தா மட்டும் அவங்க கணக்குத்தான் கணக்கு.

வெயிலும் தண்ணிக் குறைவும் சேர்ந்தா காய்ச்சல், கல்லோட நிக்காது. எல் சால்வடார், நிகரகுவா பக்கம் கரும்பு வெட்டுற இளவட்டங்களுக்கு சுகரும் இல்லாம, பிரஷரும் இல்லாம கிட்னி கெட்டுப்போச்சு. வெயில்ல வதங்கி உழைச்சதுதான் முக்கியக் காரணமா இருக்கும்னு டாக்டருங்க சந்தேகப்படுறாங்க. நம்ம தமிழ்நாட்டு உப்பளத்து ஆளுங்களை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளருங்க பரிசோதிச்சப்பவும் சிலருக்குக் கிட்னி வேலை குறைஞ்சிருந்ததைப் பார்த்தாங்க.

நிறத்தைப் பாரு. இளம் வைக்கோல் நிறம்னா நல்லது. கடலை எண்ணெய் நிறம்னா உடனே ரெண்டு டம்ளர் குடி. பி-காம்ப்ளெக்ஸ் போட்டா பளீர் மஞ்சள், டி.பி. மாத்திரைக்கு ஆரஞ்சு, பீட்ரூட் பொரியலுக்கு ரோஸ், பயப்படாதே. ஆனா சிவப்பாவோ கோலா நிறத்துலயோ வந்தா, இல்லை தண்ணி ஊத்தினாலும் போகாத நுரை தினமும் வந்தா, லேபுக்கு வா. நுரைன்னா சல்லடையில ஓட்டை விழுந்து புரதம் ஒழுகுதுன்னு அர்த்தமா இருக்கலாம்.

கல் பத்தி உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லு: பீர் குடிச்சா கல் கரையாது. நம்ம ஜனங்களுக்கு வர்றதுல பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் கல். அது எந்தப் பானத்துக்கும் கரையாது. சின்னக் கல்லா இருந்தா யூரினோட தானா இறங்கும், அந்த நேரத்துல பீர் குடிச்சவர் பீரால போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வருவார். வாழைத்தண்டு நல்ல காய், பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க, ஆனா அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க. எலுமிச்சைத் தண்ணி உண்மையிலேயே உதவும். அதுல இருக்கிற சிட்ரேட் படிகம் ஒட்டுறதைத் தடுக்குது.

அப்புறம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு சொல்லுது, ஒரு டீஸ்பூன். காராச்சேவு ஊர்ல பிறந்தவளுக்கு இதைச் சொல்றது எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. தினமும் பொட்டலத்தைப் பிரிக்காதே, வாரத்துல ஒரு நாள் போதும்.

இடுப்பு வலி மாத்திரைதான் நான் ரொம்பப் பயப்படுற விஷயம். நாள் முழுக்கத் தரையில குனிஞ்சு உட்கார்ந்தா இடுப்பு வலிக்கும். உடனே அது கிட்னின்னு பயந்துக்காதே. குனிஞ்சா நிமிர்ந்தா கூடுற வலி பெரும்பாலும் தசை வலி. கிட்னி வலி விலாவுக்குக் கீழ ஒரு பக்கமா இருக்கும், எப்படிப் படுத்தாலும் விடாது. கூடவே காய்ச்சலோ வாந்தியோ யூரின் கோளாறோ வரும். ஆனா தசை வலிக்குன்னு மெடிக்கல்ல பேரு தெரியாத மாத்திரை நாலைப் பொட்டலம் கட்டித் தர்றாங்களே, அதுல டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை இருக்கும். கிட்னிக்குள்ள ரத்தம் வர்ற குழாயை அது சுருக்கும். தண்ணி வத்திப்போன உடம்புல தினமும் அதைப் போடுறது கிட்னிக்கு ரெண்டு பக்கமும் அடி. வெந்நீர் ஒத்தடம் கொடு, அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நிமிர்ந்து நில்லு. தண்ணி குடிக்கவும் கக்கூஸுக்கும் நடக்கிறதே இடுப்புக்கு வைத்தியம்.

வெள்ளிக் கை

பூச்சட்டிக்கு மருந்து செலுத்திட்டு வர்றப்ப உன் கை வெள்ளி முலாம் பூசுன மாதிரி மின்னும். சின்னப் பிள்ளையில அதைப் பார்க்க அழகா இருக்கும்னு நினைச்சிருக்கேன். உடம்புக்குள்ள போற அலுமினியத்தை வெளியேத்துறது பெரும்பாலும் கிட்னிதான். கிட்னி கெட்டவங்களுக்கு அது எலும்புலயும் மூளையிலயும் தேங்கும். 1970-கள்ல டயாலிசிஸ் தண்ணியில இருந்த அலுமினியத்தாலயே வெளிநாட்டுல நோயாளிங்களுக்கு மூளை பாதிச்சிருக்கு. பச்சை வெளிச்சம் தர்ற பேரியம் உப்பு இன்னும் மோசம், ரத்தத்துல பொட்டாசியத்தைக் குறைச்சுத் தசையையும் இதயத்தையும் தளர்த்தும். காத்து மாசைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர்ல பட்டாசுல அதைத் தடை பண்ணுச்சு. அதுக்கு முந்தி 2017-லயே ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமணி, லித்தியம் கூடாதுன்னு சொல்லிருச்சு.

நீ செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. சாப்பிடுறதுக்கு முந்தி மட்டுமில்ல, கக்கூஸ் போறதுக்கு முந்தியும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, நகத்துக்குள்ளயும். கழுவாத கையால வெத்தலை மடிக்காதே. ஒண்ணுக்குப் போனதும் முன்னால இருந்து பின்னால கழுவு, மாத்திக் கழுவினா குடல் கிருமியை நீயே கொண்டுவந்து விடுறே. வேலைச் சேலையைப் பிள்ளைங்க துணியோட சேர்த்து ஊற வைக்காதே. பருத்தித் துணிதான் கட்டணும்னு பொறி பறக்காம இருக்கத்தான் சொல்றாங்க, ஆனா வேர்வைக்கும் கிருமிக்கும் அதுவே நல்லது.

வீட்டுல அம்மாவுக்கு சுகர் பதினோரு வருஷமா இருக்கு. கிட்னி சல்லடையைக் கிழிக்கிறதுல சுகர்தான் முதல் ஆள், அடுத்தது பிரஷர். ரெண்டும் சத்தமே போடாது. கிரியாட்டினின் மட்டும் பார்த்து "நார்மல்"னு திருப்தி ஆயிராதே. கிட்னி வேலையில பாதி போற வரைக்கும்கூட அது ஏறாம இருக்கும். யூரின்ல ஆல்புமின் பார்க்கணும், அதுதான் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். வருஷம் ஒரு தடவை பார்த்தா போதும். சிவகாசி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில உன் கார்டுல பார்க்கலாம், 2022-ல திறந்த விருதுநகர் மெடிக்கல் காலேஜும் இருக்கு. முகம், கால் வீங்குறது, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிச்சும் சொட்டு வராம இருக்கிறது, குளிர் காய்ச்சலோட விலா வலி, இந்த மூணுக்கும் மறுநாள் பார்ப்போம்னு இருக்காதே. கர்ப்பமா இருக்கிறவளுக்கு லேசான எரிச்சல்னாலும் அன்னைக்கே காட்டணும், குறைமாசப் பிரசவம் வரைக்கும் இழுத்துட்டுப் போகும்.

கிட்னி ரெண்டும் நின்னா டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுல செலவு கொடுக்கிறாங்கதான், ஆனா அந்த நாலு மணி நேரத்தை யாரு கொடுப்பா? 1943-ல, ஜெர்மன்காரன் பிடியில இருந்த நெதர்லாந்துல, வில்லெம் கோல்ஃப்ங்கிற டாக்டர் நடைமுறைக்கு ஒத்துவந்த முதல் டயாலிசிஸ் மெஷினை செலஃபேன் குழாயைச் சுத்தித்தான் பண்ணினார். அங்க சாசேஜ் பண்றதுக்கு வெச்சிருந்த குழாய் அது. அப்ப இருந்து எவ்வளவோ முன்னேறிருச்சு. ஆனாலும் அந்தக் கைமுட்டி அளவு உறுப்பு ராப்பகலா, நமக்குத் தெரியாமலேயே பண்றதை அது முழுசாப் பண்ணிறலை.

கடைசியா கக்கூஸ். 1922-ல நம்ம சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்து நூறு வருஷம் தாண்டிருச்சு. பொம்பளைங்களுக்குத் தனியா, மறைவா கழிப்பறை இருக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டமே எழுதி வெச்சது. குடிக்கிற தண்ணி அதுக்கு 6 மீட்டர் தள்ளி இருக்கணும்னுகூட அளந்து சொல்லியிருந்துச்சு. நீ தனியாப் போய் ஃபோர்மேன்கிட்டக் கேட்டா வெட்கப்படுவே, அவரும் வெட்கப்படுவார், பேச்சு அங்கயே முடிஞ்சிரும். நாலு பேராப் போங்க. "இது இது இல்லை"ன்னு மட்டும் சொல்லுங்க: தாழ்ப்பாள், வாளி, தண்ணி, நாப்கின் போட ஒரு மூடி போட்ட டின். பெரிய செலவு எதுவும் இல்லை. போய்வர எட்டு நிமிஷம்னா, நாளைக்கு மூணு தடவைக்கு இருபத்திநாலு நிமிஷக் கூலி. நான் படுத்த அந்தப் பதினேழு நாள் கூலியை இன்னும் மறக்கலை, அம்மா அடகு வெச்ச தோட்டையும் மறக்கலை.

உன் பாட்டில் மூடிக்குப் புது வாஷர் போட்டுட்டேன். கவுத்து வெச்சுப் பார்த்தேன், ஒழுகலை. நாளைக்குச் சாயங்காலமும் பையை நான்தான் திறப்பேன்.